வாக்கர் பிடித்து நடக்கிறார், வாட்ச் எண்ண மாட்டேன் என்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் ஆசையாக ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கையில் கட்டிவிடுகிறார்கள். அவரும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறார், வலியைப் பொறுத்துக்கொண்டுதான் நடக்கிறார், சாயங்காலம் திரையைப் பார்த்தால் இருநூறு காலடிகூட இல்லை. வெளியூரிலிருக்கும் மகன் செயலியில் இதைப் பார்த்துவிட்டு "ஏம்மா, இன்னைக்கு நடக்கவே இல்லையா?" என்று போனில் கேட்டால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்? வாட்ச் சொல்லும் எண்ணை நம்பி ஒருவரைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மணிக்கட்டில் கட்டும் எந்தக் கருவிக்கும் கால் தெரியாது. உள்ளே ஆக்சிலரோமீட்டர் என்ற சின்னச் சில்லு இருக்கிறது, மூன்று திசைகளிலும் அசைவு எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, குறைகிறது என்று அது அளந்துகொண்டே இருக்கும். கை வீசி நடக்கும்போது கையின் ஆட்டமும், பாதம் தரையில் பதியும்போது உடம்பு வழியாக ஏறிவரும் அதிர்வும் சேர்ந்து ஒரே சீராக ஏறி இறங்கும் ஒரு தாளமாக அந்தச் சில்லுக்குக் கிடைக்கின்றன. அந்தத் தாளம் போதுமான பலத்தோடு, போதுமான ஒழுங்கோடு சில நொடிகள் தொடர்ந்தால் மென்பொருள் அதைக் காலடி என்று எடுத்துக்கொள்கிறது. வாக்கரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்த கையில் இந்த ஆட்டமே இல்லை. அதோடு நடை மெதுவாகிவிடுகிறது, பாதமும் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் தேய்ந்து போகிறது. மூன்று காரணமும் ஒன்றாகச் சேரும்போது, கருவி எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் குறைத்துத்தான் எண்ணும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம், ஏனென்றால் "கம்மியாகக் காட்டுகிறது" என்பதற்கும் "பாதியாகக் காட்டுகிறது" என்பதற்கும் வைத்தியம் வேறு.

வாட்சில் இப்போது இருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடப்பவர் வழக்கம்போல நடக்கட்டும், நீங்கள் பக்கத்தில், பலவீனமான கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சற்றுப் பின்னால் கூடவே போய் காலடிகளை எண்ணுங்கள். 50 போதும், முடியாதவர்களை நூறு நடக்கவைக்க வேண்டாம். மனசுக்குள் எண்ணினால் இடையில் தவறிவிடும் என்பவர்கள், பூஜைச் சாமான் கடையில் நாமஜபத்துக்கு விரலில் மாட்டும் கவுண்டர் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு காலடிக்கும் ஒரு அழுத்து. நின்ற பிறகு உடனே வாட்சைப் பார்க்காதீர்கள், சில வாட்சுகள் சேர்த்துவைத்துத் தாமதமாகத்தான் எண்ணை ஏற்றும். அரை நிமிடமாவது விட்டுப் பாருங்கள்.

நடப்பவரையே எண்ணச் சொல்லாதீர்கள். நடக்கும்போதே வாட்சைத் திருப்பிப் பார்க்கவும் சொல்லாதீர்கள். நடையையும் இன்னொரு வேலையையும் மூளை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருந்தால் முதியவர்களுக்குத் தடுமாற்றம் வருகிறது, பேச்சுக் கொடுத்தால் சிலர் நடையையே நிறுத்திவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதே சோதனையை வேறு வேறு நாளில் இன்னும் இரண்டு முறை, அதே வாக்கர், அதே செருப்போடு (அல்லது வெறுங்காலோடு) செய்யுங்கள். 50-க்கு 30, 32, 29 என்று வந்தால் நல்ல செய்தி: வாட்ச் தவறாக எண்ணினாலும் ஒரே மாதிரி தவறுகிறது, வரும் எண்ணை ஏறக்குறைய 1.6-ஆல் பெருக்கிக்கொண்டால் வேலை முடிந்தது. ஒரு நாள் 12, மறுநாள் 41 என்று வந்தால் எந்தப் பெருக்கலும் உதவாது, கருவியின் இடத்தை மாற்றியாக வேண்டும்.

அறிகுறி: நடந்து முடித்தும் எண் அசையவே இல்லை

நான்கு சக்கர வாக்கர் (ரோலேட்டர் என்று விற்கிறார்களே, பிரேக்கும் உட்காரப் பலகையும் வைத்தது, அது) வைத்திருப்பவர்களுக்கு இது அதிகம் வரும். வழவழப்பான டைல்ஸ் தரையில் அது சத்தமில்லாமல் உருளும், கைப்பிடியில் அதிர்வே இருக்காது, மணிக்கட்டைப் பொறுத்தவரை அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளும் நமக்கும் இதே கதிதான்.

முதலில் அமைப்புகளைப் பாருங்கள். ஆப்பிள் வாட்சாக இருந்தால், ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் உடல்நல விவரங்கள் பகுதியில் சக்கர நாற்காலி பயன்படுத்துகிறீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். நடக்க உதவிக்கருவி எது வைத்திருந்தாலும் அதற்கு 'ஆம்' போட வேண்டும் என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் வாட்ச் காலடியை விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் தள்ளும் தள்ளல்களை எண்ண ஆரம்பித்துவிடும். வாக்கர்காரர்களுக்கு அது 'இல்லை' என்றுதான் இருக்க வேண்டும். ஃபிட்பிட் மாதிரி சில பட்டைகளில் எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள், பழக்கமான கையா மற்ற கையா என்று கேட்கும் அமைப்பு உண்டு. பழக்கமான கை என்று போட்டால், அந்தக் கை நாள் முழுக்க வேலை செய்யும் என்று கருதி, கருவி கொஞ்சம் மந்தமாக எண்ணும். குறைவாக எண்ணுவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் அந்த அமைப்பை 'மற்ற கை' என்று மாற்றிப் பாருங்கள். கொஞ்சம் முன்னேற்றம் தெரியலாம், அற்புதமெல்லாம் நடக்காது.

அடுத்து வேகத்தைப் பாருங்கள். தரையில் 4 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு ஓரடி முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கி, முதல் கோட்டிலிருந்து இரண்டாவது கோட்டைத் தாண்ட எத்தனை நொடி என்று பாருங்கள். 5 நொடி என்றால் நொடிக்கு 0.8 மீட்டர். சுமார் இந்த வேகத்துக்குக் கீழே போகப் போக மணிக்கட்டுக் கருவிகளும் இடுப்புக் கருவிகளும் காலடிகளை விட்டுவிடத் தொடங்கும். 8 நொடி ஆகிறது என்றால் நொடிக்கு அரை மீட்டர், அந்த வேகத்தில் வாக்கரும் சேர்ந்தால் மணிக்கட்டில் கட்டியதை நம்புவதற்கு ஒன்றுமில்லை. புது வாட்ச் வாங்கினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாலும் வாங்காதீர்கள், மணிக்கட்டிலேயே கட்டும்வரை அதுவும் இதையேதான் செய்யும்.

இடுப்பில் மாட்டும் பெடோமீட்டருக்கு மாறலாமே என்று தோன்றும். பழைய வகையில் சுருள்கம்பியில் தொங்கும் ஒரு சின்ன எடை ஒவ்வொரு குலுங்கலுக்கும் ஆடித் தொடும், அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம். ஜப்பானின் யமாக்ஸ் டிஜிவாக்கர் போன்றவற்றில் செங்குத்தாக ஏறக்குறைய 0.35 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்) அளவுக்குக் குலுங்கினால்தான் ஒரு காலடி ஏறும். தேய்த்து நடப்பவரின் இடுப்பு அவ்வளவு குலுங்காது. அதுவும் வாக்கரின் மேல் குனிந்து நடப்பவர் என்றால் கருவியும் சாய்ந்துவிடும், சாய்ந்தால் இன்னும் மோசம். இந்த வகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஆக, கால் அசைவதைக் காலில்தான் பார்க்க வேண்டும். கணுக்காலில் கட்டுங்கள். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் முன்னே போவதற்குக் கால் வீசியாக வேண்டும், அந்த வீச்சு மணிக்கட்டுக்குத் தெரியாவிட்டாலும் கணுக்காலுக்குத் தெளிவாகத் தெரியும். பக்கவாதம் வந்தவர்கள், வயதானவர்கள் நடையை ஆராய்ச்சிக்காக அளப்பவர்கள் ஸ்டெப்வாட்ச் என்ற கருவியைக் கணுக்காலில் கட்டித்தான் அளக்கிறார்கள். நமக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை, சாதாரணப் பட்டையின் எண்ணும் சின்ன பாகத்தைக் கழற்ற முடிந்தால் அதைப் பருத்திக் காலுறைக்குள், கணுக்காலுக்குச் சற்று மேலே வெளிப்பக்கமாகச் செருகினாலே போதும். கழற்ற முடியாவிட்டால் ஒட்டிப் பிரிக்கும் துணிப்பட்டையில் கோத்துக் கட்டலாம். பிறகு மறுபடியும் அந்த 50 காலடி சோதனை.

கணுக்காலில் கட்டும்போது கவனம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் வாக்கர் பிடித்து நடக்கும் வயதில் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்குச் சர்க்கரை உண்டு, பல பேருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பட்டை இறுக்கினாலும் உராய்ந்தாலும் அவருக்குத் தெரியாது, புண்ணானபிறகுதான் நமக்குத் தெரியும். சாயங்காலமானால் கால் வீங்குபவர்களுக்குக் காலையில் சரியாக இருந்த பட்டை மாலையில் பதிந்துவிடும். ஒரு விரல் தாராளமாக நுழையும்படி கட்டுங்கள், நடக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள், கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு சீக்கிரம் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் மறுபடி கட்டாதீர்கள்.

கொலுசு போட்டிருக்கும் பாட்டிகளுக்கு, கொலுசும் கருவியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே இருக்கும், தோலும் நசுங்கும். கொலுசைக் கழற்றச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்றால் காலுறையைக் கொலுசுக்கு மேலே ஏற்றிவிட்டு அதற்குள் கருவியை வையுங்கள். எந்தக் கால் என்றால், அறுவை சிகிச்சை செய்யாத கால், பக்கவாதமாக இருந்தால் நன்றாக இருக்கும் பக்கத்துக் கால். வீக்கம் குறைவு, வீச்சும் சீராக இருக்கும்.

இன்னொன்று, இது முக்கியம். விழுந்தால் தெரிவிக்கும் வசதிக்காகத்தான் வாட்ச் வாங்கினீர்கள் என்றால் அதை மணிக்கட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஆப்பிள் வாட்சில் நான்காம் தலைமுறையிலிருந்து இந்த வசதி இருக்கிறது, 55 வயதுக்கு மேல் என்று பதிவு செய்தால் தானாகவே இயங்கும். அது மணிக்கட்டுக்காகச் செய்தது, காலில் கட்டினால் விழுந்தது அதற்குத் தெரியும் என்று நம்ப முடியாது. காலடி எண்ணிக்கை கிடக்கட்டும், விழுந்தால் கூப்பிடும் கருவி கையிலேயே இருக்கட்டும். காலுக்கு வேண்டுமானால் விலை குறைந்த இன்னொரு பட்டை வாங்கிக்கொள்ளலாம். இதயத்துடிப்பும் அப்படித்தான், காலில் கட்டிய கருவி காட்டும் துடிப்பை மருத்துவரிடம் காட்டாதீர்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (அறுவை சிகிச்சையில் செய்யும் இரத்தக் குழாய் இணைப்பு) வைத்திருப்பவர்கள் அந்தக் கையில் வாட்ச் உட்பட எதையும் கட்டக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: சரியாகப் பாதிதான் காட்டுகிறது

50 நடந்தால் 25, இல்லை 24, 26 என்றால் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும்.

சக்கரமில்லாத, தூக்கித் தூக்கி வைக்கும் வாக்கரா? அதில் நடை எப்படி என்று கவனியுங்கள்: வாக்கரைத் தூக்கி முன்னால் வைக்கிறார், வலிக்கும் காலை எடுத்து வைக்கிறார், நல்ல காலைச் சேர்க்கிறார், மறுபடி வாக்கர். ரப்பர் புஷ் தரையில் பதியும் 'டக்' மட்டும்தான் கைக்கு வருகிறது, அது இரண்டு காலடிக்கு ஒன்று. வாட்ச் வாக்கரின் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது! இது சீராக இருந்தால் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால் இந்த வகை நடையில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே மூச்சு வாங்க நிற்பவர்கள் உண்டு, நின்றால் தாளம் உடைந்துவிடும், அப்போது பாதிகூட வராது.

கணுக்காலில் கட்டிய பிறகுதான் பாதியாகிறது என்றால் அது கோளாறே இல்லை. ஒரு கால் வீசுவது இரண்டு காலடிக்கு ஒரு தடவை. காலுக்கென்றே செய்த கருவிகள் தாமாகவே இரட்டித்துக் காட்டும், கைக்காகச் செய்த பட்டை சில இரட்டிக்கும், சில இரட்டிக்காது. உங்களுடையது எந்த ரகம் என்பதை அந்த 50 காலடி சோதனைதான் சொல்லும்.

அறிகுறி: வெளியே நடந்தால் ஏறுகிறது, வீட்டுக்குள் நடந்தால் ஏறவில்லை

அபார்ட்மென்ட் வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தால் கொஞ்சமாவது காட்டுகிறது, கட்டிலிலிருந்து குளியலறை, குளியலறையிலிருந்து சாப்பாட்டு மேசை, இதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை. காரணம் மென்பொருளில் இருக்கிறது. கையை ஆட்டிப் பேசுவதையும் பல் துலக்குவதையும் காலடியாக எண்ணிவிடக் கூடாது என்று, தொடர்ந்து சில காலடிகள் வந்த பிறகுதான் பல கருவிகள் எண்ணவே ஆரம்பிக்கும். நமக்கு அது நல்ல ஏற்பாடு. ஒன்பது காலடியில் குளியலறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் ஒருவருக்கு அவர் நாளின் நடை முழுக்க அந்தச் சல்லடையில் விழுந்துவிடுகிறது.

திருப்பங்களும் ஒரு காரணம். வாக்கரோடு திரும்புவதென்றால் நின்ற இடத்திலேயே சின்னச் சின்னதாகக் காலை மாற்றி வைத்துத் திரும்ப வேண்டும். அதில் காலடி நிறைய, அசைவு குறைவு. சின்ன வீட்டில் நாலு தப்படிக்கு ஒரு திருப்பம்.

இதற்கு அமைப்பில் மாற்ற ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் போய்வருவதை எண்ண முயற்சி செய்வதை விட்டுவிட்டு, பயிற்சியாக நடக்கும் நேரத்தை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்சில் 'நடை' என்ற உடற்பயிற்சியைக் கையால் தொடங்கிவிட்டு நடந்தால், காலடி தப்பினாலும் எத்தனை நிமிடம் நடந்தார், துடிப்பு எவ்வளவு போனது என்பதாவது பதிவாகும். முடிந்ததும் மறக்காமல் நிறுத்த வேண்டும், அது உங்கள் வேலை.

அறிகுறி: உட்கார்ந்திருக்கும்போதே எண் ஏறுகிறது

காய் நறுக்குவது, பஜனையில் கை தட்டுவது, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பது, குண்டும் குழியுமான ரோட்டில் ஆட்டோவில் போவது, எல்லாமே மணிக்கட்டுக்கு நடை மாதிரி தோன்றலாம். வாக்கர்காரர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் குறைவாக எண்ணியதும் கூடுதலாக எண்ணியதும் ஒன்றையொன்று சரிக்கட்டி, நாள் முடிவில் பார்க்க நியாயமான எண்ணாக வந்து நிற்கும். சோதனையில் 50-க்கு 10 காட்டும் வாட்ச் நாள் முழுவதற்கும் 1,500 காட்டுகிறது என்றால் அந்த 1,500-ல் பெரும்பகுதி சமையல்கட்டில் வந்தது. ஆகவே, விழுந்தால் கூப்பிடும் வாட்சாக இல்லாவிட்டால், அதை நடக்கும் நேரத்தில் மட்டும் கட்டுங்கள், அல்லது நடக்கும் முன்னும் பின்னும் எண்ணைக் குறித்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்.

சக்கர வாக்கரைத் தெருவில் தள்ளினாலும் இது வரும். இன்டர்லாக் கல் பதித்த நடைபாதையில் ஒவ்வொரு இணைப்பிலும் கைப்பிடி அதிரும். வீட்டுக்குள் குறைவாகவும் வெளியில் கூடுதலாகவும் காட்டும் வாட்சுக்கு ஒரே பெருக்கல் எண் வைக்க முடியாது. போனை வாக்கரின் கூடையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களும் உண்டு. கூடையில் இருக்கும் போன் கூடையைத்தான் அளக்கும்.

நடுக்கம் இருப்பவர்களுக்கு வேறு சங்கதி. பார்க்கின்சன் நோயில் ஓய்வாக இருக்கும் கை நொடிக்கு ஏறக்குறைய 4 முதல் 6 தடவை நடுங்கும். சாதாரண நடையின் தாளம் நொடிக்கு இரண்டு காலடி அளவில்தான் இருக்கும், அதனால் நல்ல மென்பொருள் நடுக்கத்தைப் பிரித்துவிடும், மலிவானவை குழம்பும். நடுக்கம் குறைவாக உள்ள பக்கத்துக் காலில் கட்டுவதே இங்கே சரி. அவர்களுக்குத் திடீரென்று பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடை உறைவதும் உண்டு, அந்த நேரத்தில் கால் நடுங்கும், காலடி இருக்காது. இவர்களுக்கு எண்ணைவிட நேரத்தைக் குறித்துவைப்பது மேல்.

அறிகுறி: வாட்ச் ஒன்று சொல்கிறது, போன் இன்னொன்று சொல்கிறது

இரண்டும் வேறு இடத்தில் இருக்கின்றன, வேறு எண்தான் வரும். ஐபோனின் ஹெல்த் செயலி இரண்டையும் கூட்டாது, ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிவு இருந்தால் எதற்கு முன்னுரிமையோ அதை எடுத்துக்கொள்ளும். காலடிகள் பக்கத்தில் தரவு மூலங்கள் என்ற இடத்துக்குப் போய்த் திருத்தினால், எது மேலே இருக்க வேண்டும் என்று இழுத்து மாற்றலாம். ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்டிலும் இதுபோன்ற முன்னுரிமை அமைப்பு உண்டு. கணுக்காலில் கட்டிய பட்டையை மேலே வையுங்கள்.

போனை மட்டும் வைத்து அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் இடுப்புக்குக் கீழே, உடம்போடு ஒட்டி இருந்தால்தான் ஓரளவு உருப்படியான எண் வரும். புடவையிலும் வேட்டியிலும் அதற்கு இடமில்லை, நைட்டியின் பக்கப் பையில் போட்டால் அது தொடையில் இடித்துத் தொங்கி ஆடும், வேட்டி மடிப்பில் செருகினால் நடு வழியில் நழுவி விழும், அதை எடுக்க அவர் குனிவார். அது வேண்டவே வேண்டாம். இடுப்பில் கட்டும் சின்னத் துணிப்பை, அதுவும் இறுக்கமாக.

அறிகுறி: காலடி சரி, தூரம் எங்கோ போகிறது

பல கருவிகள் தூரத்தை அளப்பதில்லை, காலடியை அடியின் நீளத்தால் பெருக்குகின்றன. அந்த நீளத்தை உயரத்திலிருந்து ஊகிக்கின்றன, பொதுவாக உயரத்தில் நூற்றுக்கு 41 பங்கு அளவுக்கு. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மாவுக்கு 64 சென்டிமீட்டர் அடி என்று வாட்ச் நினைத்துக்கொண்டிருக்கும், அவர் வாக்கருக்குள் எடுத்துவைப்பதோ 30 சென்டிமீட்டர். தூரமும் கலோரியும் இரட்டிப்பாகிவிடும். ஏற்கெனவே போட்ட 4 மீட்டர் கோட்டில் எத்தனை காலடி என்று எண்ணி 400-ஐ அதால் வகுத்தால் சென்டிமீட்டரில் அடியின் நீளம் கிடைக்கும். செயலியில் அடி நீளத்தைக் கையால் போட இடம் இருந்தால் அதைப் போடுங்கள். உயரத்தைப் பொய்யாகக் குறைத்துப் போடும் குறுக்குவழியைச் சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள், மற்றக் கணக்குகளும் சேர்ந்து கெட்டுவிடும்.

அறிகுறி: நேற்றுவரை ஒரு மாதிரி, இன்று திடீரென்று வேறு

எண் திடீரென்று கூடினால் சந்தோஷப்படும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நடைக்கருவி மாறியதா? வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு வந்த அன்றே வாட்ச் எண் துள்ளும். ஒரு கை விடுதலையாகி வீச ஆரம்பித்துவிட்டது, அதுதான் காரணம், நடை அதேதான். (ஊன்றுகோல்காரர்கள் வாட்சை ஊன்றாத கையில் கட்ட வேண்டும்.) இதன் மறுபக்கம் இன்னும் வேதனையானது. தூக்கி வைக்கும் வாக்கரிலிருந்து சக்கர வாக்கருக்கு முன்னேறியவருக்கு எண் சரியும், ஏனென்றால் அந்த 'டக்' போய்விட்டது. உண்மையில் நன்றாக நடக்கிறார், திரை மட்டும் மோசமாகிவிட்டார் என்கிறது, வீட்டில் எல்லாரும் முகம் வாடுகிறார்கள். நடைக்கருவி, செருப்பு, வாட்ச் கட்டும் இடம், இதில் எது மாறினாலும் நாட்காட்டியில் அந்தத் தேதியில் குறித்து, அன்றே புதிதாக 50 காலடி சோதனை செய்து புதுப் பெருக்கல் எண் எடுங்கள். பழைய எண்ணோடு புதியதை ஒப்பிடவே கூடாது.

எதுவுமே மாறாமல் எண் சரிந்தால், சார்ஜ் இருக்கிறதா, பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பாருங்கள். காய்ச்சல் அடிக்கிறதா, சிறுநீர்த் தொற்று ஏதும் இருக்கிறதா, புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து தலை சுற்றுகிறதா, யாருக்கும் சொல்லாமல் எங்காவது விழுந்தாரா என்று கேளுங்கள், பயத்தில் மறைப்பவர்கள் நிறையப் பேர். அறுவை சிகிச்சை முடிந்த வாரங்களில் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைக்கு. தவறாகவே எண்ணினாலும் ஒரே மாதிரி எண்ணும் ஒரு கருவியால் இந்த இடத்தில் பெரிய உபகாரம் உண்டு.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால்

ஒரு நாளைக்கு 10,000 என்ற இலக்கை முதலில் செயலியிலிருந்து எடுத்துவிடுங்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு பெடோமீட்டரின் பெயரிலிருந்து பரவிய எண் அது, வாக்கர் பிடித்து நடப்பவரைப் பார்த்து யாரும் நிர்ணயித்ததில்லை. இலக்கை எட்டவில்லை என்று கையில் அதிரும் நினைவூட்டலையும் அணைத்துவிடுங்கள். அந்த அதிர்வுக்குப் பயந்து, எண் ஏற வேண்டுமே என்று வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து வீசிக்கொண்டே நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கையை எடுத்தால் எண் ஏறும் என்பது உண்மைதான், அதனால்தான் இது ஆபத்து. இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும், எண் பூஜ்யமாகவே இருந்தாலும் பரவாயில்லை என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் சுற்று எண்ணுங்கள். ஹாலில் நாற்காலிக்கும் வாசற்படிக்கும் இடையே போய்வரும் ஒரு சுற்றை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள், 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலிக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் உயரத்தில் இரண்டு கிண்ணம், ஒன்றில் பத்துப் புளியங்கொட்டை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நீங்கள் ஒன்றை எடுத்து மற்றதில் போடுங்கள், அவர் நின்று, பிரேக் போட்டு, தாமே போட ஆசைப்பட்டால் போடட்டும். கிண்ணம் காலியானால் 120 மீட்டர். தேதி, சுற்று, எத்தனை நிமிடம், நடுவில் எத்தனை முறை உட்கார்ந்தார், இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த முறை பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். அடுத்து என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வாட்சின் வரைபடத்தைவிட அந்த நோட்டு அவருக்கு அதிகம் பயன்படும்.